குதிரைக்கு வெச்சாச்சா?

படுக்க விடக்கூடாது. படுத்தால் புரளும், புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிக்கொண்டால் அதோடு முடிந்தது. நட. களத்தைச் சுற்றி நட. நீ நின்றால் நான் இழுப்பேன், நான் நின்றால் நீ படுப்பாய், அதனால் ரெண்டு பேரும் நிற்காமல் நடப்போம். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருக்கிறேன், இவர் பார்த்தால் கத்துவார், குதிரைக் கயித்தைக் கையில சுத்தாத புள்ள, மிரண்டுச்சுன்னா கையோட போயிரும் என்று. பார்க்கட்டும். பார்க்க முடிந்தால் பார்க்கட்டும். இன்றைக்கு இவருக்குப் பதினாறாம் நாள் காரியம். காலையில் என் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து போட்ட வெள்ளைச் சேலையில் குதிரையின் எச்சில் வழிந்து, காய்ந்து, கஞ்சி போட்ட மாதிரி நிற்கிறது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு குதிரையையும் நான் தொட்டதில்லை. தொடமாட்டேன் என்று ஒரு வைராக்கியம். இவருடைய வேட்டியைத் துவைக்கும்போது வருகிற வாசனையே எனக்குப் போதும் என்று இருந்தவள். இன்றைக்கு வெயில் சாய்கிற நேரத்தில், தாலி கழற்றிய கழுத்தோடு, சொந்தபந்தம் முழுக்கப் பார்க்கக் குதிரையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறேன். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கயிற்றை அவர்கள் வாங்க வேண்டுமே. கொழுந்தனார் ராக்கியண்ணன்தான் முதலில் பிடித்தார். அது வலி தாங்காமல் பின்னங்காலை வீசியதும் விட்டுவிட்டார். விட்டதுகூடத் தப்பில்லை. அதற்குப் பிறகு ஒரு வாழையிலைத் துண்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்து, குதிரைக்கு எதிரே நின்று, "அண்ணா, கோவிச்சுக்காதண்ணா, என்ன கொறை வெச்சோம்னு சொல்லண்ணா" என்று அழுதார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வயிற்று வலியில் துடிக்கிற வாயில்லாப் பிராணிக்குக் கற்பூரம். உள் ரூமை விட்டு நான் வெளியே வந்தது அப்போதுதான். "அதை அணைச்சுப்போட்டு அக்கட்ட போங்க தம்பி, கயித்தை இங்க குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே இவர் குரல் மாதிரி கேட்டது.

குதிரைக்கு வெச்சாத்தான் அப்பா சாப்பிடுவாரு. இதைத்தான் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், வேறொன்றும் சொல்லவில்லை. குதிரைக்கு வெச்சாத்தான் அப்பா சாப்பிடுவாரு. காரியம் முடியும்வரை நான் உள் ரூமில்தான் இருக்க வேண்டும் என்று உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டிச் சுவரின் மேல் இலை போட்டுச் சோறு வைத்திருந்தார்கள், பச்சரிசிச் சோறு, பருப்பு, நெய், வடை, கச்சாயம், பாயாசம், இவருக்குப் பிடித்தது பிடிக்காதது எல்லாம். கா கா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். காக்காய்கள் தென்னைமரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தன, இறங்கவில்லை. எப்படி இறங்கும், பந்தல் துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, தொட்டியைச் சுற்றி அத்தனை ஜனம், அதில் பாதிப் பேர் கையைத் தூக்கிக்கொண்டு கத்துகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், குதிரைக்கு வெச்சாங்களா. விடிந்ததிலிருந்து பாத்திரம் உருள்கிற சத்தம், ஐயர் சத்தம், பந்தல்காரன் சத்தம் எல்லாம் கேட்டேன், கொள்ளு கொட்டுகிற தகர டப்பா சத்தம் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் இந்த வீட்டில் தட்டு எடுத்து வைக்கிறது. குதிரை தின்னாமல் இவர் ஒரு நாளும் இலையில் உட்கார்ந்ததில்லை, கல்யாணத்துக்கு மறுநாள்கூட. கோகிலா ஜன்னலுக்கு வந்தாள். என் ஒரே மகள், அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்து, "அம்மா, காக்கா எடுக்கவே மாட்டீங்குது, அப்பாவுக்கு நம்ம மேல என்ன கொறையோ" என்றாள். "குதிரைக்கு வெச்சீங்களா? குதிரைக்கு வெச்சாத்தான் அப்பா சாப்பிடுவாரு" என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. ஓடினாள். கொள்ளு டப்பாவுக்குத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

கொள்ளு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். குதிரைக்குக் கொள்ளு வெச்சீங்களா என்று கேட்டிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும். ஆனால் யார் அப்படிக் கேட்பார்கள், இந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெச்சாச்சா என்பேன், வெச்சாச்சு என்பார், உட்காருவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு, பாதி நாள் அதுகூட இல்லை. இவருக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தைதான் தினமும் போய் வந்துகொண்டிருந்தது. கோகிலா கோயமுத்தூரில் வாக்கப்பட்டுப் போனவள், வைப்பது என்றால் அங்கே சாமிக்கு வைப்பது, காக்காய்க்கு வைப்பது. அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. படையலைக் குதிரைக்கு வை, அப்பா அதன் வழியாக வந்து சாப்பிடுவார், அப்படித்தானே விழுந்திருக்கும், அம்மாவே சொல்லிவிட்டாள், அம்மாவுக்குத் தெரியாததா. கொஞ்ச நேரத்தில் குதிரை கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் ஒரே கூச்சல். வந்துட்டாரு, வந்துட்டாரு, அண்ணன் வந்துட்டாரு. நான் காக்காய் வந்துவிட்டது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். இவர் போனதிலிருந்து முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. அப்புறம் கோகிலா உள்ளே ஓடிவந்து என் மடியில் விழுந்தாள், கையெல்லாம் நெய்யும் பாயாசமும், "நானே ஊட்டுனம்மா, அப்பா என் கையை நக்குனாரும்மா, இலை இலையா சாப்பிட்டாரும்மா, எல்லாருங் குடுத்தாங்க, சித்தப்பா குடுத்தாரு, ஊர்க்காரங்க குடுத்தாங்க, பந்தல்காரங்கூட ஒரு வடை குடுத்தாம்மா" என்று சிரிக்கிறாள், அழுகிறாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பட்டினி கிடந்த குதிரை, ஆக்கின சோறு, அத்தனை பேர் கை. ஆனால் அவள் சிரித்து எத்தனை நாளாகிறது. அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நட. தலையைத் தொங்கப்போடாதே. இவருக்கு இந்தக் குதிரைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இவர் அப்பா உழவு மாட்டுக்காரர், இவர் தாத்தாவும் அப்படித்தான், நாலு ஏக்கர் மஞ்சளும் சோளமும் வைத்திருக்கிற குடியானவனுக்குக் குதிரை எதற்கு. ஏர் பூட்ட முடியாது, கமலை இறைக்க முடியாது, பால் கிடையாது, சாணி வாசல் தெளிக்கக்கூட ஆகாது. எங்கள் கல்யாணம் முடிந்த ஆடியில், அந்தியூர் குருநாதசாமி பண்டிகைச் சந்தைக்கு உழவு மாடு பிடிக்கப் போன மனுஷன், ஒரு மட்டக் குதிரையின் மேல் உட்கார்ந்து வந்தார். என் மாமனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சென்னியப்பா, இதை எந்தக் கலப்பையிலடா கட்டறது" என்றார். இவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குத் தெரிகிறது, திருடிவிட்டு வந்த சிறுபிள்ளைச் சிரிப்பு. அந்த வருஷம் எங்கள் மஞ்சக்காட்டை இரவல் மாட்டில்தான் உழுதோம். ஊரே டிவிஎஸ் வண்டி வாங்கிப் பால் கேனைக் கட்டிக்கொண்டு போன காலத்தில் இவர் மட்டும் குதிரை வண்டி பூட்டி சொசைட்டிக்குப் போவார். நான் என் அண்ணன் வீட்டுக்குப் போவதென்றாலும் அந்த வண்டிதான், கேன்களுக்கு நடுவில் என்னையும் ஒரு கேன் மாதிரி உட்கார வைத்து. ஒன்று போனால் இன்னொன்று. கிழடு, நொண்டி, சந்தையில் எவனும் சீந்தாதது எல்லாம் எங்கள் கட்டுத்தரைக்கு வந்து சேரும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், கண்ணு. இங்க வா கண்ணு, காலைத் தூக்கு கண்ணு, என்னடா கண்ணு வலிக்குதா. எனக்குப் பெயர் பாவாயி என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொன்னதில்லை, புள்ள, ஏம்புள்ள, அதுதான். சமையல்கட்டு ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு மிருகத்தின் மேல் பொறாமைப்பட்டேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பட்டேன். மழையில் நனைந்த குதிரையைத் தன் துண்டால் துவட்டிவிட்டு அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட வந்தவரைப் பார்த்து, இந்த மனுஷன் என் தலையை ஒரு நாள் துவட்டியிருப்பாரா என்று நினைத்தேன். நினைத்துவிட்டு ரசத்தை ஊற்றினேன்.

முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறது, வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது, படுக்க இடம் பார்க்கிறது. கூடாது. இது எனக்குத் தெரியும், கோகிலாவின் காதுகுத்தன்று பார்த்தேன். பந்தல் நிறையச் சொந்தக்காரர்கள், தாய்மாமன் மடியில் பிள்ளை, ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், அப்பனைக் காணோம். பார்த்தால் இதே களத்தில் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கிறார். யாரோ விருந்தாளி மிஞ்சின சோற்றை எடுத்துப் போய் வாளியோடு அதற்கு வைத்துவிட்டார்கள். நான் போய் நின்று, "பெத்த புள்ள காதுகுத்தை விட உங்களுக்கு இது பெருசாப் போச்சா" என்று கத்தினேன். அவர் நிற்கவேயில்லை, நடந்துகொண்டே பேசினார். "குதிரைக்கு வாந்தி வராது புள்ள. நமக்குன்னா கக்கிப்போட்டுப் படுத்துக்கலாம், மாடுன்னா அசை போட்டுக்கும். இதுக்கு உள்ள போனது போனதுதான், கீழ எறங்கினாத்தான் உண்டு. லத்தி போடற வரைக்கும் நடத்தோணும், நீ போய்க் காதைக் குத்தச் சொல்லு." போ என்று விட்டுவிட்டு வந்தேன். வந்தாலும் கண் அங்கேயே இருந்தது. அவ்வப்போது வயிற்றில் காதை வைத்துக் கேட்டார், எதையோ கேட்டுத் தலையை ஆட்டினார், மறுபடி நடந்தார். பொழுது சாயும்போது அது வாலைத் தூக்கி லத்தி போட்டது. இவர் அந்த லத்தியைப் பார்த்துவிட்டு, களத்து நடுவில் உட்கார்ந்து, குழந்தை பிறந்த மாதிரி அழுதார். கோகிலா பிறந்தபோதுகூட இப்படி அழவில்லையே என்றுதான் எனக்கு அப்போது இருந்தது. வாசல் கோலத்தில் லத்தி கிடந்தால் எத்தனை தடவை சபித்திருப்பேன், நாசமாகப் போக என்று. இப்போது ஒரு உருண்டை, ஒரே ஒரு உருண்டை போடேன். கோலத்தின் மேலேயே போடு. நடுவீட்டில் வந்து போடு.

கோகிலா வீட்டுக்காரர், என் மருமகன், மாட்டு டாக்டரம்மாவுக்கு அப்போதே போன் போட்டார். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாட்டுக்குக் கன்று திரும்பிக்கிடக்கிறதாம், கையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறேன், விட்டுவிட்டு வரமுடியாது, நடத்திக்கிட்டே இருங்க, படுக்க விடாதீங்க, தீனி தண்ணி எதுவும் காட்டாதீங்க, வந்துர்றேன் என்றாராம். வரட்டும். வயிற்றில் காது வைத்துக் கேளுங்க, சத்தம் இருக்குதான்னு பாருங்க என்றும் சொன்னாராம். கேட்டேன். அந்த வயிற்றில் கன்னத்தை வைத்தபோது சூடாக, வியர்வையாக, இவர் வேட்டி வாசனையாக இருந்தது. இந்த வாசனை போய்விடும் என்றுதானே இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருக்கிறேன். துவைக்காமல் ஒரு வேட்டியை எடுத்து வைத்திருக்கிறேன், அதிலும் நாளுக்கு நாள் குறைகிறது. உள்ளே சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்க வேண்டிய கடமுடா ஒன்றும் இல்லை, அடைத்த கதவு மாதிரி இருந்தது. காது சரியில்லை, பந்தல்காரர்கள் கம்பியைப் பிரிக்கிற சத்தத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடக்கிறேன். பந்தலைப் பிரித்தாகிவிட்டது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்புகிறார்கள், காரிய வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாதே. போகும்போது குதிரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் மனதில் ஓடுவது எனக்குக் கேட்கிறது, சுழி. சுழி வேலையைக் காட்டுது.

இதற்கு இடது கண்ணுக்குக் கீழே சுழி. மயிர் வட்டமாகச் சுற்றிக்கொண்டு நிற்கிற இடம். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வீட்டுக்காரி கண்ணீர் விடுவாள் என்று சந்தையில் ஒருத்தரும் பல்லைப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லையாம். இவர் மட்டும் நின்றிருக்கிறார். கொண்டுவந்து கட்டின அன்றைக்கு நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏனுங்க, இதுதான் கெடைச்சுதா, என்னைய அழுக வெக்கிறதுக்கு?" அதற்கு இவர், "நீ எப்பவும்தான் அழுவற, அதுக்குச் சுழி எதுக்கு" என்றார், சிரித்துக்கொண்டு. பாவி மனுஷன். கேலியாகச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று அன்றைக்குக் கேட்கவில்லை. அழுகிறேன் என்று தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தும் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறார், நானும் ஒன்றும் சொல்லாமல் வெச்சாச்சா வெச்சாச்சு என்று காலத்தை ஓட்டியிருக்கிறேன். இவர் போன அன்றைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ஏனுங்க, சோறு ஆறுது. கட்டுத்தரையிலிருந்து குரல் வந்தது, "அதுக்கு வெச்சுப்போட்டு வர்றேன்." தட்டை வைத்தேன். தண்ணீர் வைத்தேன். சோறு ஆறினது. எப்பவும் ஆறும், அதனால் எழுந்து பார்க்கவில்லை, அதன் காலடியிலேயே கிடக்கட்டும் என்று டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடந்தார். கொள்ளு டப்பா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நெஞ்சைப் பிடித்த கை பிடித்தபடி. குதிரை இவருக்கு மேல் நாலு காலையும் அகட்டி வைத்து அசையாமல் நின்றது. மிதித்துக் கொன்றுவிட்டது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். மிதிக்கக்கூடாது என்று கால் மாற்றாமல் நின்றதை நான் பார்த்தேன். சிந்திக் கிடந்த கொள்ளில் ஒரு மணியைக்கூட அது தொடவில்லை. வெச்சுப்போட்டு வர்றேன் என்றவர், வைக்கவுமில்லை, வரவுமில்லை.

"அம்மா, அப்பாவுக்கு என்னம்மா பண்ணுது?" கோகிலா களத்து மேட்டில் நிற்கிறாள். அப்பாவுக்கு என்கிறாள். குதிரைக்கு என்று ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. "ஒண்ணுமில்ல சாமி, வயித்து வலி, டாக்டரம்மா வந்து ஊசி போட்டாச் சரியாப் போயிரும்." "நாங் குடுத்ததுதான் ஒத்துக்கலையாம்மா?" ஆமாம் என்றால் அவள் கையாலேயே அப்பனை ரெண்டாம் தடவை கொன்றவள் ஆகிவிடுவாள், வாழ்நாள் முழுக்க அந்தக் கையால் சோறு தின்ன வேண்டும். இல்லை என்றால் அப்பா என்னமோ கோபத்தில் துடிக்கிறார் என்று நினைப்பாள். நான் சொன்னதைத்தான் நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்றால், இரண்டுமே சேர்ந்துகொள்ளும். ஒன்றும் சொல்லவேண்டாம். இது பிழைத்துவிட்டால் எதுவுமே சொல்லவேண்டாம். அப்பா வந்தார், சாப்பிட்டார், கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டார், வயிறு வலித்தது, சரியாகிவிட்டது, சிரித்துக்கொண்டே சொல்லலாம், பேரன் பேத்திக்குச் சொல்லலாம். அதற்காகத்தான் நடக்கிறேன். கால் வீங்கிவிட்டது, நடக்கிறேன். இவருக்காக இல்லை, உனக்காகவும் இல்லை, நீ யாரோ எவரோ, என் பிள்ளை கையில் பாவம் ஒட்டக்கூடாது, அதற்காக நட. பொய். உனக்காகவும்தான். நீயும் போய்விட்டால் இந்தத் தோட்டத்தில் இவர் குரலைக் கேட்டவர்கள் என்று நான் ஒருத்தி மட்டும்தானே. எனக்கு அவர் கண்ணு என்று சொன்னதில்லை. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. ஆனால் படுக்கவில்லை. மண்ணைப் பறிக்கவில்லை, வயிற்றைப் பார்க்கவில்லை. காதைத் தொங்கவிட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டு, சும்மா நின்றது. வலி போய்விட்டது! குருநாதசாமி, வலி போய்விட்டது. "கோகிலா, அடங்கிருச்சு சாமி, சொல்லு டாக்டரம்மாகிட்ட, சரியாப் போச்சுன்னு சொல்லு" என்று கத்தினேன். கழுத்தில் கை வைத்தேன், அது என் தோளில் தாடையை வைத்தது, பாரம். இவர் தோளிலும் இப்படித்தான் வைக்கும். நாளைக்குக் காலையில் நானே கொள்ளு ஊறவைப்பேன். எவ்வளவு வைப்பார் என்று தெரியாது, டப்பாவில் கோடு ஏதாவது இருக்கும். சுழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அழுததெல்லாம் அழுதாகிவிட்டது, இனி எனக்கென்ன செய்துவிடும். வண்டி பூட்டத் தெரியாது, வேண்டாம், சும்மா நிற்கட்டும், நான் வெச்சாச்சு என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஒரு தட்டு சோறு தின்பேன். கோகிலா போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் ஏன் அப்படி இருக்கிறது. "அம்மா, டாக்டரம்மா கேக்கறாங்க, மெதுவா அடங்குச்சா, இல்லாட்டி படக்குன்னு அடங்குச்சான்னு." "படக்குன்னுதான். நல்லதுதானே?" அவள் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "இனி நடத்த வேண்டாமாம்மா. அது போக்குல விடச் சொல்றாங்க." கழுத்தில் வைத்திருந்த என் கை நனைந்தது. வியர்வை, ஆனால் சூடே இல்லை, கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று. குடல் வெடித்துவிட்டால் வலி படக்கென்று நின்றுவிடுமாம், டாக்டரம்மா சொன்னது. இதை இவர் எனக்குச் சொன்னதில்லை.

முன்னங்கால் ரெண்டும் மடிந்தது. எழுந்திரு என்று கயிற்றை இழுத்தேன். எழுந்திரு, படுக்கக்கூடாது, எழுந்திரு கண்ணு. என் வாயிலிருந்துதான் வந்தது, கண்ணு. அது காதை ஒரு தடவை என் பக்கம் திருப்பியது. இவர்தான் கூப்பிட்டார் என்று நினைத்ததோ என்னவோ, எழுந்திருக்கக்கூடப் பார்த்தது. முடியவில்லை. புரளவுமில்லை. இத்தனை நேரம் சுற்றிச் சுற்றித் தடுத்த அந்தப் புரளலுக்குக்கூட அதற்குத் தெம்பில்லை. பக்கவாட்டில் சாய்ந்தது, களத்து மண்ணில் கழுத்தை நீட்டியது, நான் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன், அது என்னால் தூக்க முடிகிற தலை இல்லை. சுழியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மயிர் சுற்றிச் சுற்றி நடுவில் ஒரு புள்ளியில் போய் முடிகிறது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் ஏறியது, இறங்கவில்லை. ராக்கியண்ணன் தூரத்திலிருந்து என்னை அண்ணி முறை சொல்லிக் கூப்பிட்டு, "நங்கை, எந்திரிங்க, வீட்டுக்குள்ள போங்க" என்றார். டாக்டரம்மா வண்டி இன்னும் வரவில்லை, வந்து செய்வதற்கும் ஒன்றுமில்லை. கோகிலா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. தென்னைமரத்திலிருந்து ஒரு காக்காய் இறங்கித் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தது. காலையில் போட்ட இலை, குதிரைக்கு எடுத்தது போக மிச்சத்தோடு, வெயிலில் சுருண்டு கிடந்தது. காக்காய் தலையைச் சாய்த்துக் களத்தைப் பார்த்தது, குதிரையைப் பார்த்தது, அப்புறம் நடந்து போய் வடையைக் கொத்தியது. சோற்றையும் கொத்தியது. அவசரமே இல்லை. "அம்மா" என்றாள் கோகிலா. கை நீட்டிக் காட்டினாள். "அம்மா, காக்கா. இப்பத்தாம்மா அப்பா சாப்பிடறாரு." அப்புறம் என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். "அப்பக் காத்தால எங்கையில சாப்பிட்டது யாரும்மா?" கேட்டுவிட்டாள். இத்தனை நேரம் நான் எதற்காக நடந்தேனோ அது என் முன்னால் வந்து நின்றுவிட்டது. அது வெறும் குதிரை, அப்பா இல்லை, பசித்த குதிரை, நாம்தான். இதைச் சொல்ல வாய் வரவில்லை. வாயில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான், காலையிலிருந்து அதையே மென்றுகொண்டிருக்கிறேன். "காத்தாலதாஞ் சொன்னனே கண்ணு. குதிரைக்கு வெச்சாத்தான் அப்பா சாப்பிடுவாரு. நீ வெச்சே. அதுனாலதான் வந்தாரு." அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குதிரையின் கழுத்தில் அந்தக் கையை வைத்தாள். கயிறு இன்னும் என் கையில் சுற்றியே இருக்கிறது, யாரும் இழுக்கவில்லை. காக்காய் பாயாசத்தில் அலகை வைத்து நிமிர்ந்து பார்த்தது. வெச்சாச்சுங்க. நீங்க சாப்பிடுங்க.